பேய் வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர்

"இந்தப் பேயை ஒரு கை பார்க்காம இந்த ஹாலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்! வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம்!"

என் கணவர் ஆனந்த்ராஜ் இப்படிச் சபதம் போட்டபோது அவர் கையில் வாள் இல்லை. வாழைக்காய் பஜ்ஜி இருந்தது. பஜ்ஜியை ஓங்கியபடி சத்தியம் செய்கிற ஆண்பிள்ளையை நெய்வேலியில் எந்த பிளாக்கிலும் நீங்கள் பார்த்திருக்க முடியாது.

மனிதர் சாதாரண ஆளில்லை. நிலக்கரி மைன்ஸில் மலை மாதிரி நிற்கிற மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவர். பாதாளத்துக்கு இறங்கிப் பூமியின் வயிற்றைக் கிழித்தவர். பயம் என்பதே அறியாதவர், பல்லியைத் தவிர. முழங்கால் தேய்ந்துவிட்டதென்று டாக்டர் எழுதிக் கொடுக்க, ஆபீஸ் பக்கம் ஜெனரல் ஷிஃப்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

ஷிஃப்ட்காரன் பெண்டாட்டியின் கஷ்டம் ஷிஃப்ட்காரன் பெண்டாட்டிக்குத்தான் தெரியும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் பகலெல்லாம் தூங்குவார். நான் குக்கருக்கு விசில் போடாமல் சமைப்பேன். காய்கறிக்காரனிடம் கை ஜாடையில் பேரம் பேசுவேன். கடலூர் கான்வென்டில் எலக்யூஷன் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய வாய் இது. கல்யாணமான நாளிலிருந்து கிசுகிசுத்தே தேய்ந்துபோனது.

இப்போது பகலில் வீடு காலி. சாயங்காலமானால் மனிதர் வந்துவிடுகிறார். வந்தவர் உட்காருகிறாரா? ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறார். ஃபிரிட்ஜைத் திறக்கிறார், உள்ளே லைட் எரிகிறதா என்று பார்க்கிறார், மூடுகிறார். மூடின பிறகு அணைகிறதா என்று சந்தேகம், மறுபடி திறக்கிறார். ஃபேனைக் கூட்டுகிறார், குறைக்கிறார். கேட்டில் போய் நின்று கம்பெனி பஸ் போவதைப் பார்த்து, "இன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட் லேட்டு" என்று என்னிடம் வந்து ரிப்போர்ட் கொடுக்கிறார். நான் என்ன, சூப்பர்வைசரா?

"ஏங்க, நான் ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன்" என்றேன் ஒரு நாள்.

"எதை? சண்டையையா?"

"ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். சாயங்காலம் அஞ்சரைக்கு. நம்ம ஹால்ல."

"காலையில வெச்சுக்கயேன்."

"வரப்போறவங்க எல்லாம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போறவங்க. சாயங்காலம்தான் அவங்களுக்கு மூச்சே விட முடியும்."

"அப்ப நான் எங்கே மூச்சு விடறது?"

"உள் ரூம்ல."

"உள் ரூம்ல டிவி இல்லியே!"

"மூச்சு விடறதுக்கு டிவி எதுக்குங்க?"

ஆண்களுக்குப் பதில் இல்லாதபோது கொள்கை வந்துவிடும். "குவார்ட்டர்ஸ்னா குடியிருக்கத்தான். ஸ்கூல் நடத்த இல்ல" என்று முழங்கிவிட்டு ஃபிரிட்ஜைத் திறக்கப் போனார்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மகள் ஷெரின் கோயம்புத்தூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தாள். போகும்போது தன் பழைய லேப்டாப்பை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். "அப்பா பாவம்மா, போரடிக்குது." உள்ளே ஒரு கேம். பேய்க் கதை கேம். சினிமா மாதிரி கதை ஓடும். நடுநடுவே, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று இங்கிலீஷில் கேட்கும். நாம் சொல்கிறபடி கதை திரும்பும். மனிதர் லேப்டாப்பை டிவியில் சொருகி ஜன்னலுக்கெல்லாம் திரை இழுத்துவிட்டு, ஹாலை மைன்ஸ் ஆக்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் அந்த பஜ்ஜிச் சபதம்.

"சரி, முடிச்சதும் ஹால் எனக்கா?" என்று கேட்டேன்.

"முடிச்ச அடுத்த நாளே உனக்கு! அதுவும் சத்தியம். முடிக்கிற வரைக்கும் எனக்கு."

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். கான்வென்டில் ஷேக்ஹேண்ட் கொடுக்கச் சொல்லிக் கொடுத்த சிஸ்டர்கள், ஆண்பிள்ளை சத்தியத்தில் ஓட்டை தேடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஓட்டை என்ன என்று சீக்கிரமே தெரிந்தது. அவருக்கு முடிக்கிற எண்ணமே இல்லை!

கதை இதுதான். ஒருவன் மனைவி காணாமல் போய்விடுகிறாள். கொட்டுகிற மழையில் காரில் வருகிறான். மலைமேல் ஒரு பாழடைந்த பங்களா. உள்ளேயிருந்து பெண் அழுகிற குரல். என் வீட்டுக்காரர் என்ன செய்தார்? அவனைக் காரிலிருந்து இறக்கித் தோட்டத்தில் நடக்க விட்டார். நடந்தான். நடந்தான். தினமும் நடந்தான். உள்ளே பெண்டாட்டி அலறுகிறாள், இவன் வெளியே குரோட்டன்ஸ் பார்க்கிறான்!

"ஏங்க, உள்ளே போங்க."

"இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாம இறங்கக் கூடாது. சேஃப்டி ரூல்."

"அவ செத்தே போயிடுவா."

"அழுறா இல்ல? உயிரோடதான் இருக்கா."

அதே நேரம் நாற்காலியில் கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து யாராவது பிடித்துவிட்டால்? மைன்ஸில் இறங்கிய கால் தரையில் இறங்க மறுத்தது.

அது தமிழ்நாடு முழுக்க கரன்ட் இல்லாமல் தவித்த காலம். பண்ருட்டியில் என் தங்கை வீட்டில் விசிறியால் விசிறியே கை வீங்கிவிட்டது. கரன்ட் தயாரிக்கிற எங்கள் டவுன்ஷிப்பில் மட்டும் கரன்ட் போகாது. ஊரெல்லாம் கரன்ட் வர வேண்டும் என்று ஜெபித்தது. நான் ஒருத்தி மட்டும் போக வேண்டும் என்று ஜெபித்தேன். மாதா மெஜாரிட்டி பக்கம் நின்றுவிட்டாள்.

இதில் எனக்கு வேலை வேறு. என் கணவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல முடியாது. பெயர்ச்சொல் எல்லாம் தெரியும். டேஞ்சர், ஓவர்டைம், இன்க்ரிமென்ட், மெடிக்கல் லீவ். வினைச்சொல்தான் பிடிபடாது.

"ஆனி! ஓடி வா! என்னமோ போட்டிருக்கு!"

"ஷிஃப்ட்டை அமுக்கினா ஓடலாம்னு போட்டிருக்கு."

"இத்தனை வருஷமா ஷிஃப்ட்டு என்னை அமுக்குச்சு. நான் ஓடினேனா?"

"நீங்க எங்கே ஓடினீங்க? நான்தான் ஓடிக்கிட்டிருக்கேன், அடுப்புக்கும் உங்களுக்கும்."

எதிர் குவார்ட்டர்ஸ் அவுட் ஹவுஸில் இருக்கும் விஜயகுமாரி தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். கெஸ்ட் ஹவுஸில் கான்ட்ராக்ட் வேலை. அறை கூட்டுகிறவள். இங்கிலீஷ் நாலு வார்த்தை பேசினால் ரிசப்ஷனில் உட்கார வைப்பதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். என் கிளாஸுக்கு முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான்.

"இன்னாண்ணே, நேத்தும் இந்தச் செடியாண்டதான நின்னுக்கினு இருந்தீங்க?"

"இது வேற செடி."

"எக்கா, அந்த ரிசப்ஷன் பொண்ணு கல்யாணமாயி போவுதுக்கா. மேனேஜர் வேற ஆளு பாத்துக்கினு இருக்காரு. அண்ணன் எப்பக்கா அந்த வூட்டுக்குள்ள போவாரு?"

"அண்ணன் ரிடையர் ஆனதும் போவாரு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இவளுக்கு ரிசப்ஷன் வேலை போய்விடும். எனக்கு வாய் போய்விடும். இவருக்குத் தோட்டம் மட்டும் போகாது.

ஷெரினுக்கு போன் போட்டேன். "உங்கப்பன் அந்தக் கேமை முடிக்கணும். எவ்வளவு நேரமாகும்?"

"அப்பா ஸ்பீடுக்கா? எனக்குக் குழந்தை பொறந்து அது வந்து முடிக்கும்."

"விளையாடாதே."

"நீ வேணும்னா ஒண்ணு பண்ணும்மா. வாசக்கதவுகிட்ட போனதும் ரெண்டு ஆப்ஷன் வரும். 'ஓப்பன் த டோர்'. இல்லேன்னா 'டர்ன் பேக்'. டர்ன் பேக் அமுக்கினா அவன் திரும்பி வீட்டுக்குப் போயிடுவான். அதோட கதை முடிஞ்சுது. சினிமா முடிஞ்ச மாதிரி பேரெல்லாம் ஓடும். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான், ஆனா கேம் ஆடுறவன் எவனும் அமுக்க மாட்டான்."

என் மகள் என் மகள்தான்.

மறுநாள் சாயங்காலம் நானே வலியப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விஜயகுமாரியும் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த வாசப்படிப் பக்கம் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணலியே?"

"அங்கே எதுக்கு?"

"பயமா இருந்தா வேணாம்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு மயங்காத ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. படியேறினார். இடி இடித்தது. உள்ளே அழுகை நின்றது. யாரோ காலை இழுத்து இழுத்துக் கதவை நோக்கி நடந்து வருகிற சத்தம். திரையில் இரண்டு வரி. கீழே நேரம் காட்டுகிற ஒரு சிவப்புக் கோடு கிடுகிடுவென்று குறைந்தது.

"ஆனி! வருதுடி! சீக்கிரம் சொல்லு! மேல என்ன? கீழ என்ன?"

"மேல ஓப்பன். திற."

"ஐயோ, வேணாம்! கீழ?"

"டர்ன். திருப்பு."

"எதைத் திருப்பு?"

"சாவியைத்தான்! திருப்பினா கதவு பூட்டிக்கும். அது வெளியே வராது."

"அண்ணே, பூட்டுண்ணே! கைப்பிடி ஆடுதுண்ணே!" என்று விஜயகுமாரி அலறினாள். அவளிடம் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அலறல் நிஜம்தான்.

என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கீழ் வரியை அமுக்கினார்.

கதவு பூட்டவில்லை. அந்த ஆள் திரும்பினான். படியிறங்கினான். காரில் ஏறினான். மழையில் வண்டி மலை இறங்கிப் போயிற்று. சோகமாக வயலின் வாசித்தார்கள். பெயர்கள் வரிசையாக மேலே ஏறின.

"என்னடி இது? எங்கே போறான்?"

"வீட்டுக்கு."

"பெண்டாட்டி?"

"வேணாம்னு விட்டுட்டான் போல. உங்க இனம்தானே."

"இவ்வளவுதானா கதை?"

"'தி எண்ட்'னு போட்டிருக்கு பாருங்க. அதுக்குமா அர்த்தம் சொல்லணும்?"

அது பெயர்ச்சொல். அவருக்குத் தெரிந்தது. திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரில் மாதா படத்தைப் பார்த்தார். லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு உள் ரூமுக்குப் போய்விட்டார். சத்தியத்தைக் காப்பாற்றுகிற மனிதர். அந்த மட்டுக்கு நல்லவர்தான்.

அடுத்த நாளே திரையெல்லாம் விலக்கிப் பாய் விரித்தேன். விஜயகுமாரியும் நாலைந்து பேரும் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். குக்கர் விசிலை விட உரக்கத் திறந்தேன். பக்கத்து பிளாக் நாய்கள் எழுந்து உட்கார்ந்ததாகக் கேள்வி.

உள் ரூமில் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே ஃபிரிட்ஜ் இல்லை. பீரோவைத் திறந்து மூடினார். கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து நடந்தார். பிறகு நடை நின்றது. கதவோரம் காது ஒட்டியிருக்கிறது என்று கதவின் அடியில் தெரிந்த நிழலே சொல்லிற்று. நானும் கண்டுகொள்ளவில்லை. காதுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது.

வகுப்பு நன்றாகவே நடந்தது. விஜயகுமாரி "குட் ஈவ்னிங் சார், யுவர் ரூம் இஸ் ரெடி" என்று சொல்லும்போது எனக்கே சாவி வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கலாம் போலிருந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு நாள் யோசிக்காமல் வாயை விட்டுவிட்டேன்.

"இன்னிக்கு 'டர்ன்'. டர்ன் லெஃப்ட்னா இடப்பக்கம் திரும்பு. டர்ன் ரைட்னா வலப்பக்கம் திரும்பு. டர்ன் பேக்னா..."

"எக்கா, வந்த வழியே திரும்பிப் போறது!" என்றாள் விஜயகுமாரி.

உள் ரூம் கதவு படாரென்று திறந்தது. பேய் அப்படித் திறந்திருந்தால் கேம் இன்னும் நன்றாக விற்றிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கு விடைக்க, என் வீட்டுக்காரர் நடு ஹாலில் வந்து நின்றார். நோட்டுகள் மூடிக்கொண்டன. விஜயகுமாரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஹால் போச்சு, வகுப்பு போச்சு, ரிசப்ஷனும் போச்சு.

அவர் விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம், வினைச்சொல்லோடு, அதுவும் இறந்தகாலத்தில், அவர் வாயிலிருந்து வந்தது.

"யூ சீட்டட் மீ!"

நான் கைதட்டினேன். "வெரி குட். உச்சரிப்பைக் கவனிச்சீங்களா? எங்கே, எல்லாரும் சார் சொன்ன மாதிரியே சேர்ந்து சொல்லுங்க!"