என்ஜினுக்கு நான் வச்ச பொட்டு

மாமனார் காருக்குப் பெட்ரோல் போட்டுட்டு வரணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

அது எழுபதுகள். சொந்தக் கார் வச்சிருந்தா அந்த வூட்டோட பவுசே தனி. சாயங்காலம் மச்சானுக்குப் பொண்ணு பாக்க ஏரியூர் போகணும். கார்லதான் போய் எறங்குவோம்னு மாமனார் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தார்.

தர்மபுரிக்குள்ள நுழைஞ்சதும் என்ஜின்ல சடார்னு ஒரு சத்தம். வண்டி நின்னுபோச்சு! நாலு பேரைக் கூப்பிட்டு ஒர்க் ஷாப் வரைக்கும் தள்ளினேன்.

மெக்கானிக் மாது முன்பக்கத்தைக் கழட்டிப் பாத்தார். "டைமிங் செயின் அறுந்துபோச்சுங்க. புதுசு மாட்டினா ஓடிரும்."

செயின் மாட்டற ரெண்டு பல்சக்கரத்துலயும் தேஞ்சுபோன அடையாளத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு, சிவப்பு பெயின்ட்ல சக்கரத்துக்கு ஒரு புள்ளி வச்சார்.

"இந்த ரெண்டு புள்ளியும் நேருக்கு நேர் நிக்கணும். மாறிச்சுன்னா என்ஜின் எகிறிடும்ங்க. சாப்டுட்டு வந்துடறேன்."

தலையாட்டினேன். புரியாமத் தலையாட்டறதுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது.

அன்னிக்கு ஆயுத பூசை வேற. அங்க ஸ்பேனர், ஜாக்கி எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம். நம்ம என்ஜின் மட்டும் மூளியா கெடக்குது! மனசு கேக்கல.

கிரசின் துணியால ரெண்டு சக்கரத்தையும் பளபளன்னு தொடச்சேன். அரைகுறையாக் காஞ்சிருந்த ரெண்டு சிவப்புப் புள்ளியும் போயிருச்சு. அதனாலென்ன, சுத்திச் சுத்தி அழகா நானே பொட்டு வச்சேன். பக்தி நெறைய இருந்துச்சு. புத்திதான் கொஞ்சம் கம்மி.

மாது வந்து பாத்தார். "அய்யய்யோ! இதுல என் புள்ளி எதுங்க?"

"இதுவும் இதுவும்தாங்க" ன்னு ரெண்டு பொட்டைக் காட்டினேன்.

"நல்லாத் தெரியுமா?"

"சத்தியமா!"

பூசை அவசரத்துல அந்த மகராசனும் நம்பிச் செயினை மாட்டிட்டார். என்னை நம்பினவர் தலையில இடி விழறது வழக்கம்தான்.

கார் வரலையேன்னு மாமனாரும் மச்சானும் பஸ் புடிச்சு ஒர்க் ஷாப்புக்கே வந்துட்டாங்க. மச்சானுக்கு வெள்ளைச் சட்டை, பவுடர் பூசின மூஞ்சி. "ரெடியா மாமா?"ன்னு என்ஜினுக்குள்ள தலையை நீட்டினான்.

மாது ஸ்டார்ட் பண்ணினார்.

டமார்!

பொகை அடங்கினதும் பாத்தா, மச்சான் மூஞ்சியில பல்லு மட்டும்தான் வெள்ளை.

மாமனார் குங்குமம் அப்பின என்ஜினைப் பாத்தார். என்னைப் பாத்தார். "யாருங்க மாப்ள இதுக்கு இவ்வளவு அலங்காரம் பண்ணினது?"

நான் வானத்தைப் பாத்தேன்.

ஏரியூருக்கு அவங்க பஸ்லதான் போனாங்க. என்னைக் கூப்பிடல. பொண்ணு என்னமோ அமைஞ்சிருச்சு. காதோரம் ஒட்டியிருந்த கரியைப் பாத்து, பையன் நல்ல உழைப்பாளின்னு பொண்ணு வூட்டுல நெனச்சுக்கிட்டாங்களாம்! அவன் செம்பைக்கூட நகத்தி வைக்காத சோம்பேறி.

மறுவருசம் ஆயுத பூசை. கார்ப் பக்கம் போன என்னை மாமனார் நிறுத்தினார். என் ரெண்டு கையிலயும் பெருசா ஒவ்வொரு பொட்டு வச்சார்.

"நம்ம வூட்டுல இதைவிட மோசமான ஆயுதம் வேற இல்லீங்க மாப்ள."