ஆறடிச் சூழ்நிலை

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்பு, நில அளவையாளர்களின் தவறுக்கு நஷ்டஈடு கொடுக்கும் தொழில் பொறுப்புக் காப்பீடு என்பது என் தாழ்மையான கருத்து. நெருப்பு சுடும், சக்கரம் காலில் ஏறும். காப்பீடு ஒன்றுதான் மனிதனை உத்தமனாக்கும். அதற்கு நானே சாட்சி: ஆரின் தாக்கர், வெர்மான்ட் மாநில உரிமம் பெற்ற சர்வேயர்.

நான்கு வருடங்களுக்கு முன், பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா கிபியின் நிலத்தை அளந்தேன். மண்ணில் புதைந்திருந்த ஒரு துருப்பிடித்த குழாயைப் பார்த்ததும், இதுதான் பழைய எல்லைக் குழாய் என்று முடிவுகட்டி, அதிலிருந்து அளந்து என் முளையை அறைந்தேன். அதை நம்பி வெர்னா, மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையைத் தன் கையாலேயே கட்டினாள். அந்தக் குழாய், யாரோ ஒரு மகராசி துணி காயப்போட நட்ட கம்பத்தின் அடிக்கட்டை என்பது பிறகுதான் தெரிந்தது. கொட்டகை ஆறடி தூரம் பக்கத்து நிலத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த நிலத்தைப் புதிதாக வாங்கிய பாஸ்டன்காரர் க்ளைன் கெட்டவரில்லை. "அந்தம்மா வேணும்னு வளைச்சுப் போடலை, தப்பு என்னோடதுன்னு சர்வேயர் எழுதிக் குடுக்கட்டும். கொட்டகை அங்கயே இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா கோர்ட்டுதான்" என்றார்.

வெர்னா என்னிடம் ஓடி வந்தாள். "யோவ் ஆரின், ஒரே வரிதான்யா. 'என் தப்பு'ன்னு எழுதிக் குடு. மார்ச்சுல சாறு இறங்க ஆரம்பிச்சுடும்."

பேனாவை எடுத்துவிட்டேன். நல்லவேளையாகப் பாலிசியின் ஒன்பதாம் பிரிவு நினைவுக்கு வந்தது: நிறுவனத்தின் அனுமதியின்றித் தவறை ஒப்புக்கொண்டால் காப்பீடு செல்லாது. நிறுவனத்தின் ஷெல்பி அம்மையாருக்குப் போன் செய்தேன்.

"ஒரு தப்பு நடந்துடுச்சு, மேடம்."

"தப்புன்னு சொல்லாதீங்க சார். 'சூழ்நிலை'ன்னு சொல்லுங்க."

"துணிக்கம்பத்துலேர்ந்து அளந்துட்டேன்."

"எனக்குக் காதுல விழலை சார்."

"வருத்தமாவது தெரிவிக்கலாமா?"

"தாராளமா. ஆனா குளிருக்காக வருத்தப்படுங்க."

மறுநாள் வெர்னாவைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி. ரொம்ப வருத்தமா இருக்கு."

"கொட்டகை என்னய்யா ஆச்சு?"

"அது ஒரு சூழ்நிலை."

"பதினோரு வருஷம் உன் பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போனேன்யா" என்றாள். நான் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறடியையும் அறுத்து எடுக்கும்படி கோர்ட் உத்தரவிட்டது. என்மீது வழக்குப் போட வெர்னாவுக்கு வசதியில்லை. எனவே என்மீது தவறில்லை என்பது ஐயமற நிரூபணமாயிற்று. நிறுவனம் எனக்கு ஒரு பித்தளைப் பட்டயம் அனுப்பியது: 'இருபது ஆண்டுகள், ஒரு குறையும் இல்லை.' அதை வரவேற்பறையில் மாட்டினேன்.

பிப்ரவரி கடைசியில் வெர்னா கூப்பிட்டாள். "எங்க அறுக்கணும்னு உரிமம் உள்ளவங்கதான் கோடு போடணுமாம். நீதான் தப்பே செய்யாத ஆளாச்சே. வா."

போனேன். மூன்று முறை அளந்தேன். சிவப்புக் கோடு, பாகு காய்ச்சும் தொட்டியின் நடுவில் போயிற்று. மயிரிழையும் பிசகவில்லை.

வெர்னா ஒரு காகிதத்தை நீட்டினாள். "கோர்ட்டுக்குக் குடுக்கணும். எழுதிக் குடு."

ஒன்பதாம் பிரிவில் இதற்குத் தடை ஏதுமில்லை. 'இந்தக் கோடு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரே வரிதான்.