பெயருக்குப் பின்னால் ஒரு நிழல்

“...அதுக்கில்ல தம்பி, அறுபது வயசு கொண்டாடுற மனுஷனுக்கு இப்படியா பேரு போடுவாங்க? எழுத்துக்குப் பின்னால கறுப்பா ஒரு நிழல். பேப்பர்ல நினைவஞ்சலி போட்ட மாதிரில்ல இருக்கு! அலமாக், நான் இன்னும் சாகலலா!”

சொன்னவர் கவிதாவின் அப்பா. (‘அலமாக்’ என்றால் மலாயில் ‘ஐயையோ’.) பெயர் பன்னீர்செல்வம். தம்போய் என்ற ஊரில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவருடைய பிறந்தநாள் விருந்து. மண்டபத் திரையில் காட்டப்போகும் படங்களை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தவர், தன் பெயர் போட்ட முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

நான் யார் என்கிறீர்களா? கவிதாவைக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்டுவிட்டு மூன்று மாதமாகப் பதிலுக்குக் காத்திருந்தவன். “விருந்து முடியட்டும், பார்த்துச் சொல்றேன்” என்று அவளிடம் சொல்லியிருந்தார். பார்க்கப்போவது விருந்தை அல்ல, என்னைத்தான் என்று எனக்குத் தெரியும். ‘மாப்ளே’ என்ற சொல்லைப் பட்டறை ஆட்களுக்கும் டயர் கொண்டுவருபவருக்கும் வாரி வழங்குகிற மனிதர், என்னை மட்டும் கவனமாகத் ‘தம்பி’ என்பார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது மாசாய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தேன். வரும் பெட்டியின் எண்ணைக் கணினியில் தட்டி என்டர் அடிப்பேன். என் கணினி ஞானம் அந்த என்டரோடு முடிந்தது. ஆனால் கவிதா வீட்டில் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லிவைத்திருந்தேன். (பொய் இல்லையே! கம்ப்யூட்டரும் இருந்தது, வேலையும் இருந்தது.)

“இது சின்ன விஷயம் அங்கிள். ரெண்டு நிமிஷம்” என்றேன்.

அவர் சட்டை மாற்றப் போனார். கவிதா என் காதருகே வந்தாள். “உங்களுக்கு நெசமாவே தெரியும்தானே?”

“தெரியாம சொல்வேனா?”

தெரியாமல்தான் சொன்னேன்.

பெயரைத் தேய்த்துப் பிடித்தேன். ‘எஸ்’ போட்ட ஒரு பொத்தானை அழுத்தினேன். நிழல் போகவில்லை. பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். பெயர் பச்சையாக ஒளிவிட்டது; நிழலும் அப்படியே இருந்தது. அடுத்ததில் பெயருக்குக் கீழே தண்ணீரில் தெரிவதுபோல் தலைகீழாக இன்னொரு பன்னீர்செல்வம் முளைத்தார். எல்லா அலங்காரத்தையும் துடைக்கிற பொத்தான் ஒன்று கிடைத்தது. அதை அழுத்தியதும் வண்ணம் போனது, தடிமன் போனது, பெயர் எறும்பு அளவுக்குச் சுருங்கியது. அந்த எறும்புக்கும் நிழல் இருந்தது.

(கல்யாணத்துக்குப் பிறகு கவிதாதான் காட்டினாள். நிழல் எழுத்துக்குப் போட்டதே இல்லையாம். எழுத்து உட்கார்ந்திருந்த கட்டத்துக்குப் போட்டதாம். நான் அரை மணி நேரம் ஆளை விட்டுவிட்டு அவர் சட்டையை விசாரித்திருக்கிறேன்.)

பெயரைப் பழையபடி பெரிதாக்கிவிட்டு, வேறொரு மெனுவில் நிழலைத் தேடினேன். அங்கே எதையோ தொட்டதும் ‘ப’ மட்டும் மேலேயிருந்து குதித்தது. கொஞ்சம் பொறுத்து ‘ன்’ குதித்தது. எழுத்தெழுத்தாக வருகிறது! இவ்வளவு அழகாகக் குதித்தால் நிழலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். முழுப் பெயரும் வந்து சேரும்வரை பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. மூடிவிட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. விளக்கைக் குறைத்தார்கள். பன்னீர்செல்வம் பட்டு ஜிப்பாவில் முன்வரிசையில் அமர்ந்து, ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்டரைத் தட்டினேன். (நமக்குத் தெரிந்த பொத்தானாயிற்றே.)

‘ப’ குதித்தது. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் போலவே கூட்டமாகப் படித்தார்கள்.

“ப!”

“பன்!”

“பன்னீ!”

அத்தோடு மடிக்கணினி உறைந்துவிட்டது.

மூன்று ஆள் உயரத்தில் ‘பன்னீ’. பின்னாலேயே நிழல், ஆக, இரண்டு. பிள்ளைகள், ஆசிரியர் அடுத்த வரிக்குப் போகச் சொல்லாதபோது செய்வதுபோல், மறுபடியும் “பன்னீ!” என்றார்கள். பெரியவர்களில் பாதிப்பேர் இருமினார்கள். மீதிப்பேர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். பன்னீர்செல்வத்தின் மலாய் நண்பர் ஒருவர், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்க, அவர் வியர்த்து, “நாமா, நாமா” (பெயர்தான், பெயர்தான்) என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

நான் என்டரைத் தட்டினேன், தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன்.

“அது லிஃப்ட் பட்டன் இல்லைங்க, விடுங்க” என்றாள் கவிதா. குரல் உடைந்திருந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பன்னீர்செல்வம் எழுந்தார். நேரே என்னிடம்தான் வருகிறார் என்று நான் கதவு இருக்கும் திசையைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவரோ மேடை ஏறினார். திரையில் ‘பன்னீ’க்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மிச்சம் வராது போல. அதான் நானே வந்துட்டேன். மாப்ளே, என்னலா முழிக்கிற? போட்டோ எடு!”

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எடுத்தேன். அந்தப் படத்திலும் அவருக்குப் பின்னால் திரையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது.

அவர் கீழே இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினார். கைப்பேசியை எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயரை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ‘ர்செல்வம்’ என்று மாற்றினார். பிறகு, அதில் என்னைச் சேர்த்தார்.