எட்டு வரிசையும் பச்சை

மனிதன் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது சக்கரம் என்று சொல்பவர்கள் உண்டு. அது அவர்களுடைய அறியாமை. தலைசிறந்தது அட்டவணைதான். சக்கரம் வண்டியை மட்டும்தான் நகர்த்தும். அட்டவணையோ, இருந்த இடத்தில் இருந்தபடியே, ஒரு பதினேழு வயதுப் பெண்ணை நாற்பது ஆண்டுச் சரித்திரத்தோடு மோதவிடும்.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு நாளிதழின் ‘ஒப்பீட்டுப் பிரிவு’த் தலைவர். அந்தப் பிரிவில் அவரைத் தவிர ஒரு மேசையும், பாதி வேகத்தில் சுற்றும் ஒரு மின்விசிறியும் இருந்தன. டென்னிஸில் வேகமாக மேலே வந்துகொண்டிருந்த தன் சொந்தத் தங்கை மகளைப் பழைய சாம்பியன்கள் மூவரோடு ஒப்பிட்டு, வாரந்தோறும் எட்டு வரிசையில் அட்டவணை வெளியிடுவார். அவள் முந்தினால் பச்சை; பிந்தினால் சிவப்பு. கீழே பெருமையுடன் ஒரு வரி: ‘தயாரிப்பு: ஒப்பீட்டுப் பிரிவு.’ அலுவலகத்தில் எல்லாச் செய்தியையும் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். அட்டவணையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கட்டம் போட்டு எழுதிய ஒன்று தப்பாக இருக்க முடியுமா?

அப்பேர்ப்பட்ட மேதைக்கே ஒரு சின்னப் புதிர் விளங்கவில்லை. எட்டு வரிசையும் பச்சையாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு ஏன் வீங்குகிறது?

தங்கை வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் அவருடைய அட்டவணைகள் வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. அவற்றுக்குக் கீழே உட்கார்ந்து, ‘சரித்திரத்தை முந்தியவள்’ ஒரு தண்ணீர் பாட்டிலோடு போராடிக்கொண்டிருந்தாள்.

“மாமா, இந்த மூடியக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்.”

“ஏன் கண்ணு, உனக்கு என்ன?”

“திருகினா உள்ள யாரோ ஊசியால குத்துற மாதிரி இருக்கு. மூணு வாரமா.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“எலும்பு நல்லா இருக்காம். ஏன் வலிக்குதுன்னு தெரியலையாம். இப்படியே இன்னும் ஒரு மேட்ச் ஆடினா தசைநார் கிழிஞ்சிடும், அப்புறம் வாழ்க்கைல பேட்டப் பிடிக்க முடியாதுன்னு மட்டும் தெரியுமாம்.”

“சனிக்கிழமை ஃபைனல் இருக்கே!”

“அதத்தான் அப்பாவும் சொல்றாரு.”

அப்பா உள்ளேயிருந்து வந்தார். “மச்சான், அவ விளையாடியே ஆகணும். ஜெயிச்சா, மூணு பேரையும் விடச் சின்ன வயசுல வாங்கின கோப்பை. விட்டுட்டா உங்க அட்டவணைல முதல் வரிசை சிவப்பாயிடும். ஒரு சிவப்பு இருந்தப்பவே எனக்கு ராத்திரி தூக்கம் வரல. நான் எப்படியோ அதச் சரி பண்ணினேன்.”

எதை, எப்படிச் சரிசெய்தார் என்று தலைவர் கேட்கவில்லை. பச்சையை யாராவது கேள்வி கேட்பார்களா?

மறுநாள் இந்த வீக்கம் குறித்து நாளிதழில் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. விளையாட்டுப் பக்கத்தின் ஆசிரியர் பொறுப்புணர்ச்சியோடு விசாரித்தார்.

“பழைய சாம்பியன் யாருக்காவது அந்த வயசுல கை வீங்கியிருக்கா?”

“ஒருத்தருக்கு லேசா வீங்கியிருக்கு சார். அரை அங்குலம்,” என்றார் தலைவர்.

“நம்ம பொண்ணுக்கு?”

“முக்கால் இருக்கும்.”

“பாத்தீங்களா! அதுலயும் நம்ம பொண்ணுதான் முன்னாடி. ஒன்பதாவது வரிசையா சேத்துடுங்க. பச்சை போடுங்க.”

ஏற்கெனவே ‘தூக்கம்’ என்ற வரிசையில், சாம்பியன்கள் ஒன்பது மணி நேரம் தூங்கியதற்கு எதிராக அவள் ஐந்தே மணி நேரம் தூங்குவது பச்சையாகக் காட்டப்பட்டிருந்தது. ஆகவே இந்த முடிவு அந்தப் பத்திரிகையின் நெறிமுறைக்கு முற்றிலும் உட்பட்டதே. ஆனாலும் தலைவரின் பேனா ஒன்பதாவது கட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது. பாட்டில் மூடி கண்முன் வந்தது.

பேனாவை மூடிவிட்டு, மைதானத்துக்குப் பின்புறம் மட்டைக்கு நரம்பு கட்டும் அம்மாளின் கடைக்குப் போனார். அந்த அம்மாள்தான் தங்கை மகளுக்கும் கட்டுபவர். அந்தக் காலத்தில், மூன்று சாம்பியன்களில் ‘இடிக்கை’ என்று பெயர் வாங்கியவருக்கும் கட்டியவர்.

“வாங்க, பச்சை மை!” என்றார் அந்த அம்மாள், இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்க தங்கச்சி வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரலையா? போன மாசம் உங்க பேப்பரக் கத்தரிச்சு எடுத்துட்டு வந்து, இங்க நின்னு சண்டை போட்டாரு.”

“எதுக்குங்க?”

“நீங்கதானே எழுதினீங்க? நரம்போட இறுக்கம், இடிக்கை அறுபத்திரண்டு பவுண்டு, பொண்ணு அம்பத்திரண்டு பவுண்டு, சிவப்பு! ‘பத்து பவுண்டு பின்தங்கிட்டா, ஏத்திக் கட்டுங்க’ன்னாரு. வேண்டாம்னேன். ‘பேப்பர்லயே போட்டிருக்கான், உங்களுக்கு என்ன தெரியும்’னாரு. ஏத்திக் கட்டினேன்.”

“இடிக்கை அறுபத்திரண்டுல ஆடினது உண்மைதானே?”

“உண்மைதான். எதுல ஆடினாங்கன்னு கேட்டீங்களா?” அந்த அம்மாள் இழுப்பறையிலிருந்து இரண்டு துண்டு நரம்பை எடுத்து அவர் கையில் வைத்தார். “வளைச்சுப் பாருங்க. இது மாட்டுக் குடல்ல செஞ்சது. அவங்களுக்குக் கட்டினது. எவ்வளவு இறுக்கினாலும் பந்து பட்டா உள்ள வாங்கும், அதிர்ச்சிய அதுவே முழுங்கிடும். பேட்டும் மரம், அதுவும் பாதிய முழுங்கிடும். இது இந்தக் காலத்து நரம்பு. கம்பி மாதிரி. இதுக்கு முழுங்கவே தெரியாது. அதனாலதான் தளர்த்திக் கட்டணும். இறுக்கிட்டா, பந்தோட அடி முழுசா எங்க போகும்?”

தலைவர் இரண்டையும் வளைத்துப் பார்த்தார். ஒன்று விரலோடு இசைந்து வந்தது. மற்றொன்று விரலைத் திருப்பித் தள்ளியது. அவள் ஒரு நாளைக்கு எத்தனை பந்து அடிப்பாள் என்பது அவருக்கு மனப்பாடம். அது நான்காவது வரிசை. எண்ணூறு. பச்சை.

“எண்ணூறு அடியும் மணிக்கட்டுக்கா?” என்றார் மெல்ல.

“வேற யாரு இருக்கா வாங்கிக்கிறதுக்கு? நீங்களா?”

பழையபடி ஐம்பத்திரண்டுக்கே கட்டச் சொல்லிவிட்டு, கடை வாசலில் நின்றே தங்கை கணவருக்குப் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, சனிக்கிழமை அவ விளையாடக் கூடாது.”

“மச்சான், சிவப்பு வந்துடுமே!”

“வராது. அட்டவணையே வராது.”

“அப்படின்னா அவ முந்தறாளா, பிந்தறாளான்னு எப்படித் தெரியும்?”

“அவளுக்குப் பாட்டில் மூடி திறக்க முடியுதான்னு பாருங்க. தெரிஞ்சிடும்.”

“மூடிய நான்தான் தினமும் திறந்து குடுக்கறேன் மச்சான்,” என்றது மறுமுனை, குரல் இறங்கி.

தலைவர் அலுவலகத்துக்குத் திரும்பி, தன் கட்டத்தை வழக்கம்போல் தானே அச்சுக்கு அனுப்பினார். வழக்கம்போல் யாரும் சரிபார்க்கவில்லை. காலையில் பத்திரிகையைப் பிரித்தவர்கள் சாம்பியன்களையும் காணவில்லை, பச்சையையும் காணவில்லை. எட்டு வரிசை இருந்த இடத்தில் நான்கே வரி இருந்தது:

சனிக்கிழமை அவள் ஆட மாட்டாள்.

மட்டையின் நரம்பு அறுபத்திரண்டிலிருந்து ஐம்பத்திரண்டு பவுண்டுக்கு இறக்கப்பட்டது.

மணிக்கட்டுக்கு ஆறு வாரம் ஓய்வு.

வீக்கத்தின் தயாரிப்பு: ஒப்பீட்டுப் பிரிவு.