பீரங்கியக்காவின் ஒற்று வேலை

சோழமண்டலக் கரை முழுவதிலும் ரகசியம் காக்கவே லாயக்கில்லாத ஒரு மனுஷியைக் காட்டு என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் பீரங்கியக்காவைக் காட்டுவேன். அப்பேர்ப்பட்டவளைத்தான் பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தர்கள் சண்டைக் காலத்தில் ஒற்று வேலைக்கு வைத்திருந்தார்கள்.

நான் அப்போது அந்தக் கோட்டையில் துபாஷி. துரை பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும். நம் ஜனங்கள் பேசுவதைத் துரையின் பாஷையில் சொல்ல வேண்டும். நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாவது வேலைதான் அதிகம்.

பீரங்கியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எனக்குத் தெரியாது. கடலோரக் குப்பத்துக்காரி. நாற்பது வயது இருக்கும். கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து, இங்கிலீசுக்காரர்கள் இருந்த சென்னப்பட்டணம் வரை போய் விற்றுவிட்டு வருவாள். ஏரிக்கு அந்தக் கரையில் நின்று "வாளே... காரே..." என்று அவள் மீன்பெயரைச் சொல்லிக் கூவினால், இந்தக் கரையில் கோட்டைச் சமையற்காரன் சட்டியை அடுப்பில் ஏற்றுவான். மதில்மேல் இருந்த நிஜப் பீரங்கிகள் வருஷத்துக்கு இரண்டு முறை வெடித்தால் அதிகம். இவளோ தினம் வெடித்தாள். அவள் புருஷன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அதற்கு இடம் இருந்திருக்காது.

சீமையில் ஒல்லாந்தருக்கும் இங்கிலீசுக்காரருக்கும் சண்டை மூண்டதாகச் சேதி வந்ததும் எங்கள் துரைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கிலீசுக் கப்பல் எப்போது வரும், எத்தனை வரும் என்று தெரிய வேண்டும். முதலில் ஓர் ஆண்பிள்ளை ஒற்றனை அனுப்பினார். அவன் பக்கிரி வேஷம் போட்டு, ஒட்டுத்தாடியோடு போனான். திரும்பி வந்து, "இங்கிலீசுக்காரன் கப்பலிலே யானையை ஏற்றிப் பழக்குகிறான்" என்று சத்தியம் செய்தான். துரை கடல்பக்க மதிலில் காவலைக் கூட்டினார். பாவம், காவற்காரர்கள் பல நாள் கடலில் தும்பிக்கையைத் தேடினார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, அவன் பொன்னேரிக் கள்ளுக்கடையைத் தாண்டவே இல்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் கோட்டை வாசலில் பீரங்கியக்கா சமையற்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா மூக்க சுளிக்கிற? இதே கருவாட்ட சென்னப்பட்டணத்துல கப்பக்காரன் கூடையோட தூக்கிகினு போறான்! பெரிய கப்பலு ரெண்டு வந்து நிக்குது, தெரியுமா ஒனக்கு? தண்ணி பீப்பா ஏத்திகினு கீறான். அந்தக் கப்பல் சமையக்காரன் பல்லுவலியில துடிக்கிறான், அப்பவும் என்னாண்ட மொகம் சுளிக்கல!"

துரை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த அம்மாள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். துரை படிகளில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார்.

இப்படித்தான் அவள் வேலையில் சேர்ந்தாள். கோட்டைக்கு வேண்டிய மீனை அவளிடம்தான் வாங்க வேண்டும், சமையற்காரன் இனி மூக்கைச் சுளிக்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. துரை இரண்டுக்கும் சம்மதித்தார்.

"ஒற்றர்கள் மெதுவாகப் பேச வேண்டும். அவளுக்குப் பழக்கு" என்று என்னிடம் உத்தரவு. வெளியே கேட்காமல் இருக்கட்டும் என்று அவளைக் கோட்டைக்குள் கெட்டிச்சுவர் வைத்த கிடங்கு ஒன்றுக்கு அழைத்துப் போனேன்.

"அக்கா, காதோடு காதாகச் சொல்ல வேண்டும்."

"செர்தான் நைனா!" என்றாள். கிடங்குக் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன.

"இன்னும் மெதுவாக."

"இன்னா நைனா நீ? மெதுவாத்தான பேசிகினு கீறேன்?"

வெளியே காவற்காரன் துப்பாக்கியோடு ஓடி வந்து, யாரை யார் கொல்கிறார்கள் என்று விசாரித்தான். பாடம் அன்றோடு முடிந்தது.

ஆனால் அவளை அந்தக் குரல்தான் காப்பாற்றியது. சென்னப்பட்டணத்தில் இங்கிலீசுக்காரர் கோட்டை வாசலில் நின்று, ஊர் கேட்க, "எத்தினி கப்பல் வந்துகீது? அதுக்கேத்த மாதிரி கருவாடு எறக்கணும்ல?" என்று கத்துவாள். இப்படிக் கூச்சல் போடுகிறவளை யார் ஒற்று என்று நினைப்பார்கள்? காவல் சிப்பாயே விரல்விட்டு எண்ணிச் சொல்லுவானாம். மற்றவர்கள் மீன்நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிடுவார்களாம். பக்கிரி வேஷக்காரன் ஒரு வருஷம் தாடியைத் தடவியிருந்தாலும் இது நடந்திருக்காது.

அவள் சேதி சொல்லும் விதம் தனி. கப்பலும் குடும்பக் கதையும் ஒரே கூடையில் வரும். பாய்மரம் எத்தனை என்பதற்கு முன்னால் கப்பல் கப்பித்தான் மனைவி எதற்கு அழுதாள் என்பது வரும். நான் இடையில் எதையாவது விட்டுவிட்டால் என் வாயைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"நான் இம்மா நேரம் சொன்னேன், நீ ரெண்டு வார்த்தையில முடிக்கிற? முழுசா சொல்லு நைனா!"

"இந்த ஆளு" என்று அவள் துரையைச் சொல்லும் இடத்தில் மட்டும் "மேன்மை தங்கிய" என்று போடுவேன். மற்றபடி அத்தனையும் சொன்னேன். போகப்போகத் துரைக்கும் அது ருசித்துவிட்டது. அவள் வந்ததும் கப்பலைக் கேட்க மாட்டார், "அந்தச் சமையற்காரன் பல்லைப் பிடுங்கிக்கொண்டானா?" என்றுதான் முதலில் கேட்பார்.

"இல்லியாம். பல்லு புடுங்கற நாவிதரப் பாத்தாலே ஓடறானாம். இம்மாம்பெரிய ஒடம்பு, மனசு கோழிக்குஞ்சு!"

நான் இதைச் சொன்னதும் துரை மேஜையைத் தட்டிச் சிரிப்பார். சண்டைக் காலத்தில் அந்தக் கோட்டையில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

சிரிப்பெல்லாம் ஒருநாள் நின்றது. இந்தக் கரையில் அலை பொல்லாதது. பெரிய கப்பல் ஆழத்தில்தான் நங்கூரம் போட முடியும். அதில் வருகிறவர்கள் கரையேற வேண்டுமானால் நம் கட்டுமரமும், கயிறு போட்டுத் தைத்த சலங்குப் படகும்தான் கதி. சீமைப் படகு அலையில் விழுந்து சுக்குநூறாகிவிடும். இதை நினைத்துத் துரை ஓர் உத்தரவு போட்டார்: எதிரி புறப்பட்டதாகச் சேதி வந்த உடனே, கடலோரக் குப்பங்களில் உள்ள படகுகள் அத்தனையையும் கொளுத்திவிட வேண்டும். ஏறி வர ஒன்றும் மிஞ்சக் கூடாது.

தமுக்கு அடித்துக் குப்பத்தில் அதைச் சொன்னவன் நான். வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் முடிச்சைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

மறுநாள் பீரங்கியக்கா என்னைத் தேடி வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

"நெசமா கொளுத்துவாங்களா நைனா?"

"உத்தரவு அக்கா."

"அப்போ நான் போயி சேதி கொண்ணாந்தா, எம்புருசன் கட்டுமரத்துக்கு நானே நெருப்பு வெச்சா மாதிரிதான?"

"வேலையை விட்டுவிடுங்கள் அக்கா" என்றேன்.

"வுட்டுட்டா? இங்கிலீசுக்காரன் சொல்லாம கொள்ளாம வந்து குண்டு போடுவான். கோட்டைக்குக் கல்லு செவுரு கீது. குப்பத்துக்கு இன்னா கீது, கீத்து!"

கூடையைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்தாள். அன்று அவள் கூவவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சில நாள் கழித்து, காலை வேளையில், ஏரியைத் தாண்டி ஒரு தோணியில் வந்து இறங்கினாள். கால் முட்டிவரை சேறு, நெற்றியெல்லாம் வியர்வை. துரை வழக்கம்போல் பல்லைப் பற்றிக் கேட்டார்.

"புடுங்கிக்கினான்!" என்றாள். "நாவிதர அவனே தேடிகினு வந்து, ரெண்டு பேர புடிச்சிக்கச் சொல்லி, புடுங்கிக்கினான். 'கப்பல் கெளம்புது, நடுக்கடல்ல வலிச்சா எவன் புடுங்குவான்'னு அழுதானாம். என்னாண்ட கருவாடு கொஞ்சமாத்தான் வாங்கினான். 'இன்னாய்யா, இது போதுமா?'ன்னேன். 'கிட்டத்துலதான் போறோம், வடக்கால'ன்னு கைய காட்டினான். நம்ம பக்கம், நைனா. மூணு கப்பல். சிப்பாயிங்கள ஏத்திகினு கீறான்."

நான் முழுவதும் சொன்னேன். துரை இந்தத் தடவை சிரிக்கவில்லை. கதவைத் திறந்து உத்தரவு கொடுத்தார். சிப்பாய்கள் தீப்பந்தமும் எண்ணெய்க் குடமுமாகத் தோணிகளில் ஏறினார்கள். ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல நானும் போக வேண்டும். போகும்போது அவளைத் திரும்பிப் பார்த்தேன். கோட்டை வாசலில் உட்கார்ந்து கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

குப்பத்துக்குப் போனால் கரை துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு கட்டுமரம் இல்லை. ஒரு சலங்கு இல்லை. இழுத்துப் போன தடம் மட்டும் மணலில் ஏரிப் பக்கமாகக் கிடந்தது. பெண்கள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"படகெல்லாம் எங்கே?" என்று ஒருத்தியைக் கேட்டேன்.

"இன்னா படகு?" என்றாள்.

"மீன் பிடிக்கிற படகு அம்மா."

"கடலுக்குப் போயிகீது."

கடலைப் பார்த்தேன். ஒரு பாய்கூட இல்லை. "ஒன்றும் காணோமே?"

"ரொம்ப தூரம் போயிகீது" என்று சொல்லிவிட்டு, காக்கையை விரட்டினாள்.

ஆண்கள் அத்தனை பேரும் படகுகளோடு ஏரிக்குள், தீவுகளுக்குப் பின்னால் நாணல் மறைவில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. சிப்பாய்களுக்கும் புரிந்தது. அந்த ஏரியில் எந்த வாய்க்கால் எங்கே போகும், எங்கே சேறு இடுப்பளவு என்று குப்பத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். சிப்பாய்கள் எண்ணெய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அவளைத் துரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கோட்டையின் ஒற்று, கோட்டைக்குச் சொல்லும் முன்னால் ஊருக்குச் சொல்லிவிட்டாள் என்றால், சண்டைக் காலத்தில் அதற்குத் தூக்குக்கயிறுதான்.

"எனக்கு முன்பே குப்பத்துக்கு ஏன் சொன்னாய் என்று கேள்" என்றார் துரை.

கேட்டேன்.

"யாரு சொன்னது? நான் கழிமொகத்தாண்ட வந்ததும் கோட்டையப் பாத்துதான் கத்தினேன். 'கப்பல் வருது, கப்பல் வருது'ன்னு மூணு வாட்டி. மேக்காத்து என் கொரல தூக்கிகினு போயி குப்பத்துல போட்டுடுச்சி. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? காத்த புடிச்சிகினு வந்து கேக்கச் சொல்லு!"

துபாஷி வேலையில் எத்தனையோ பொய்களைப் பதமாக மொழிபெயர்த்திருக்கிறேன். இதில் பதம் பார்க்க ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, காற்று உட்பட, அப்படியே சொன்னேன்.

துரை எழுந்து ஜன்னலுக்குப் போனார். விரலை நாக்கில் நனைத்து வெளியே நீட்டினார். பிறகு எங்களைப் பார்க்காமலே, "மேல்காற்றுதான்" என்றார்.

அவ்வளவுதான் தீர்ப்பு.

இங்கிலீசுக் கப்பல்கள் வந்தன. ஆழத்தில் நின்றன. கரையேற்றிவிடப் படகுக்காரன் ஒருவனும் வரவில்லை. அவர்களே ஒரு படகை இறக்கிப் பார்த்தார்கள். முதல் அலையிலேயே அது குப்புறக் கவிழ்ந்து, உள்ளே இருந்தவர்கள் நீந்தித் திரும்பினார்கள். கோட்டையைப் பார்த்துச் சில குண்டுகள் போட்டார்கள்; அவை ஏரியில் விழுந்து மீன்களைத்தான் கலைத்தன. பின்பு பாய் விரித்துப் போய்விட்டார்கள். கப்பல் மறைந்த அன்று நாணலுக்குள்ளிருந்து கட்டுமரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கரையில் நின்று பெயர் சொல்லிப் பெயர் சொல்லி அழைத்த அவள் குரலைத் துரையும் மதிலில் நின்று கேட்டார்.

அப்புறம் சண்டை தரை வழியாகவே வந்தது. ஒரு குண்டும் வெடிக்காமல் கோட்டை இங்கிலீசுக்காரர் கைக்கு மாறியது. துரை பெட்டி படுக்கையோடு போனார். வந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு துபாஷியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பழைய துரையின் ஆள் என்பதால் ஊரில் வேறு யாரும் எனக்கு வேலை தரப் பயந்தார்கள். வீட்டில் நாலு பிள்ளைகள். உலை வைக்கவே நாங்கள் யோசித்த காலம் அது.

பீரங்கியக்கா அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தாள். விடிந்து வெளுப்பதற்குள் வாசலில் வந்து நிற்பாள். என் மனைவி வெளியே வந்ததும் கூடையைச் சாய்ப்பாள்.

"மீந்து போச்சி தாயி. ஊரெல்லாம் சுத்தினேன், ஒருத்தரும் வாங்கல. தூரப் போட மனசு வரல, புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடு."

பதிலுக்கு நிற்காமல் தெரு முனைக்குப் போய்விடுவாள். ஊரெல்லாம் சுற்றியும் விலை போகாத அந்த மீன், எங்கள் வீட்டு முறத்தில் துள்ளிக்கொண்டிருக்கும்.