ஊசல் சுவாமியும் மாவில்லா வூர்ஸ்டும்

வுப்பர்டால் தொங்கு ரயிலில் அந்தச் சனிக்கிழமை ஏறிய ஜெர்மன்காரர்கள் எல்லாரும் மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். பெட்டி முழுக்க வூர்ஸ்ட் வாசனை. ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற அந்த ரயிலில், எங்கள் தமிழ்ச் சனம் பட்டுச் சேலையும் வேட்டியுமாக இருந்தது. ஆளுக்கொரு குளிர்ப்பை மடியில். பைக்குள் வூர்ஸ்ட்டுகள், அதாவது குடலில் இறைச்சி அடைத்த ஜெர்மன் சொசேஜ்கள். கோழி, பன்றி, வான்கோழி. தடித்தது, மெலிந்தது, வெளிறியது. எல்லாம் சாதகம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தன.

சிரிக்காதீர்கள், என் ராசாத்திகளே. மனிதருக்குச் சாதகம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்விட்டது. வூர்ஸ்டுக்கும் ஒரு நல்ல காலம் வர வேண்டாமா?

நடந்தது இதுதான். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களிடம் டொக்டர்மார், "மாச்சத்தைக் குறையுங்கள்" என்று சொன்னார்கள். குறைப்பது எங்கள் சனத்துக்குத் தெரியாத வேலை. ஒன்றில் கோப்பை நிறையப் புட்டு. இல்லாவிட்டால் புட்டுக் குழலையே தூக்கிப் பரணில் போட்டுவிட்டு மூன்று வேளையும் வூர்ஸ்ட். அதிலும் ஒரு சிக்கல். சில வூர்ஸ்டில் இறைச்சி இருக்கும். சிலதில் மாவும் சீனியும் இருக்கும், இறைச்சி எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். எது நல்லது? இறைச்சிக் கடைக்காரரைக் கேட்கலாம். ஆனால் கடைக்காரரிடம் கேட்டால் வெட்கம்; சுவாமியிடம் கேட்டால் பக்தி!

சுவாமியின் பெயர் பாலச்சந்திரன். முன்பு பிராங்பேர்ட்டில் தொலைபேசி அட்டை விற்றவர். கைபேசியில் சும்மா பேசலாம் என்று வந்ததும் அட்டை வியாபாரம் படுத்தது. அவர் எழுந்தார். ஒரு நூலில் உருத்திராக்கத்தைக் கட்டி, வூர்ஸ்டுக்கு மேலே தொங்கவிட்டார். வலம் சுழன்றால் மாவில்லை. இடம் சுழன்றால் மா. அன்றிலிருந்து அவர் ஊசல் சுவாமி.

மண்டபம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையிலிருந்து சுலோஜனா என்கிற பெண் வான்கோழி வூர்ஸ்ட் பைக்கற்றை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பிறந்த திகதி?" என்றார் சுவாமி.

"பைக்கற்றில ஒரு திகதி போட்டிருக்கு, சுவாமி."

அது பழுதாகிற திகதி. அதனால் என்ன? விரல் மடித்து எண்ணினார்.

"மக நட்சத்திரம். கேது பார்க்கிறார். உள்ளுக்கு மா இருக்கு." உருத்திராக்கம் இடம் சுழன்றது. கடையில் வாங்கிய எந்த வூர்ஸ்டுக்கும் அது வலம் சுழன்றதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கா இவ்வளவு தூரம் பட்டுடுத்து வந்தார்கள்?

"பரிகாரம், சுவாமி?"

"அதை எறிஞ்சுபோட்டு எங்கட சித்த வூர்ஸ்டை வாங்குங்கோ பிள்ளை. மாவில்லை, சீனியில்லை. உடம்பில கிடக்கிற சீனியையும் அது திண்டுபோடும்."

"இண்டைக்கு வாங்கினால் வெள்ளிக்கிழமை வரைக்கும் கிடக்கும். வெள்ளியில மச்சம் மாமிசம் தின்ன ஏலாதெல்லோ?"

"மந்திரம் ஏத்தினாப் பிறகு அது மரக்கறி!"

மண்டபம் கைதட்டியது. பன்றிக்குத்தான் பாவம், அது மரக்கறி ஆன சேதி கடைசிவரை தெரியாது.

மேடையில் சுவாமிக்குப் பக்கத்தில் ஜேசுரட்ணம் மாஸ்டர். ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், சனிக்கிழமை சுவாமி. இரண்டு பக்கமும் இடம் பிடித்து வைத்திருந்தார். "இது காந்த அலை. விஞ்ஞானம் ஒத்துக்கொண்ட விசயம்" என்று அவர் சொல்லும்போது சனத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்த விஞ்ஞானம், எங்கே ஒத்துக்கொண்டது என்று கேட்டால் மாஸ்டருக்கு மரியாதைக் குறைவு.

மேடை நடுவில் ஒரு பித்தளைக் குடம். அதுதான் அன்றைய விசேஷம். சித்த வூர்ஸ்ட் சாப்பிடுகிறவர்கள் டொக்டர் தந்த குளிசை மாத்திரைகளை அதில் போட்டு, "இனித் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு சுவாமி குடத்தோடு ஆற்றில் கரைப்பார்.

முதல் ஆளாக எழுந்தார் இராசலிங்கம். பஸ் ஓட்டுகிறவர். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். சித்த வூர்ஸ்ட் தின்னத் தொடங்கியதிலிருந்து அவருக்குச் சீனி ஏறிக்கொண்டே போனது. தாகம், கண் மங்கல், கால்விரலில் ஆறாத புண். சுவாமியிடம் கேட்டார். "ஒளிச்சிருந்த சீனி வெளிக்கிடுது" என்று பதில் வந்தது.

பின்னாலேயே அவர் மனைவி கமலாம்பிகை வந்து சட்டையைப் பிடித்தார்.

"இஞ்சாருங்கோ, போடாதேங்கோ. எதிரில வாற கார் ஒண்டோ ரெண்டோ எண்டு தெரியேல்லை உங்களுக்கு. திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தப் போறியள்!"

"நீர் சும்மா இரும், கமலா. சனம் பார்க்குது."

"சனத்துக்கு ரெண்டு கண்ணும் தெரியுது. அதுதான் பார்க்குது."

கமலாம்பிகைக்கு ஏன் இவ்வளவு துணிவு என்று கேட்கிறீர்களா? காலையில் ஒரு சங்கதி நடந்தது, செல்லங்களே. இராசலிங்கம் ஒரு கதிரையில் தானும் இன்னொன்றில் காலுமாக இருந்து சித்த வூர்ஸ்ட் சாப்பிட்டார். கமலாம்பிகை அவர் புண்ணுக்கு அயடீன் பூசினார். "ஐயோ எரியுது!" என்று அவர் காலை உதற, போத்தல் சரிந்து, கோப்பையில் இருந்த வூர்ஸ்டில் நாலு சொட்டு விழுந்தது. மண்ணிறமாய் விழுந்த மருந்து பார்த்திருக்கவே கருநீலமாயிற்று. "பார்த்தீரா, கண்ணூறு கழிஞ்சுது" என்றார் கணவர். மனைவி அயடீன் போத்தலை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். கோப்பையைக் கழுவினார். வரும் வழியில் இறைச்சிக் கடையில் இறங்கி, "மா போடுறியளோ? சீனி போடுறியளோ?" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார். இறைச்சியும் உப்பும் மிளகும்தான் என்றார் கடைக்காரர். ஒன்று வாங்கி வந்தார்.

இப்போது அதை மேடையில் வைத்தார்.

"சுவாமி, ஒரு சின்னச் சந்தேகம். இதில மா இருக்கோ?"

உருத்திராக்கம் இடம் சுழன்றது. "மூட்டை மூட்டையாய்."

"உங்கட சித்த வூர்ஸ்டில?"

வலம் சுழன்றது. "துளியும் இல்லை!"

"நல்லது. ஆரிட்டையும் கொஞ்சம் புட்டு இருக்கோ?"

மண்டபம் திகைத்தது. புட்டா! புட்டைத் துறந்த கூட்டத்தில் புட்டா! எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் சுலோஜனா தலையைக் குனிந்துகொண்டு கைப்பையைத் திறந்தாள்.

"போற வழியில பசிச்சால் எண்டு..."

"அடியே, சம்பலும் வைச்சிருக்கிறாய்!" என்று பக்கத்து இருக்கைக்காரி பொறாமையில் கத்தினாள்.

மூன்று கோப்பை. ஒன்றில் புட்டு, ஒன்றில் கடை வூர்ஸ்ட், ஒன்றில் சித்த வூர்ஸ்ட். கமலாம்பிகை மூன்றிலும் அயடீனைச் சொட்டவிட்டார். புட்டு கருநீலமாயிற்று. கடை வூர்ஸ்டில் மருந்து மண்ணிறமாகவே நின்றது. சித்த வூர்ஸ்ட்? புட்டுக்குக் கூடப் பிறந்ததுபோல் கறுத்தது.

சுவாமி லேசுப்பட்டவரா? இரண்டு கையையும் மேலே தூக்கினார். "பார்த்தியளோ! மருந்தின்ர விஷத்தை உறிஞ்சி, நீலகண்டனைப் போலக் கறுத்து நிக்குது!"

"அரோகரா!" என்றது பின்வரிசை.

"அப்ப புட்டும் நீலகண்டனோ?" என்றார் கமலாம்பிகை. அரோகரா பாதியில் நின்றது. அவர் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். "மாஸ்டர், நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். மாப்பொருளில அயடீன் பட்டால்?"

மாஸ்டர் சுவாமியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். ஆனால் இத்தனை வருடப் பழக்கம் இருக்கிறதே, வாய் தன்பாட்டில் திறந்தது.

"மாப்பொருளுடன் அயடீன் சேரும்போது..."

"கருநீல நிறம் தோன்றும்!" என்று மண்டபமே ஒரே குரலில் முடித்தது.

ஆம், பிள்ளைகளே. அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பாடமாக்கியவர்கள். சோதனைக்கு எழுதிச் சித்தியடைந்தவர்கள். வாழ்க்கையில் ஒருநாள் பயன்படுத்தலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சுலோஜனா மண்டபத்துச் சமையலறைக்கு ஓடினாள். அங்கே பெட்டி பெட்டியாய்த் தகர டின் பேணிகள். உள்ளே நாய்கூட மணந்து பார்த்து யோசிக்கிற, மா நிறைந்த மலிவு வூர்ஸ்ட். அதைத்தான் சுவாமி பேணியிலிருந்து எடுத்து, திருநீறு தடவி, சித்தராக்கியிருந்தார்.

"பக்தர்களே, பூசைக்கு நேரமாச்சு" என்று சுவாமி பின்கதவால் நழுவினார். உருத்திராக்கம் மேசையில் கிடந்தது. அவர் கை இல்லாமல் அது இடமும் சுழலவில்லை, வலமும் சுழலவில்லை.

இராசலிங்கம் தன் குளிசைப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார்.

"கமலா, டொக்டரைச் சந்திக்கத் திங்கட்கிழமைக்கு நேரம் கேட்டு ஒரு டேர்மின் எடும்."

"திங்கள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறம். பஸ்ஸை வேற ஆள் ஓட்டட்டும்."

"ஓம்" என்றார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லையே! வாசலில் சனம் கமலாம்பிகையை மறித்தது. ஒருத்தி காலில் விழுந்தாள். இன்னொருத்தி வூர்ஸ்டை நீட்டினாள்.

"அயடீன் அம்மா! என்ர கோழி வூர்ஸ்டுக்கும் ஒரு சொட்டுத் தீர்த்தம் விடுங்கோ!"

"விசரோ உங்களுக்கு!" என்று கத்தினார் கமலாம்பிகை. "இது புண்ணுக்குப் பூசுற மருந்து. பார்மசியில விக்குது. வாயில வைச்சிடாதேங்கோ! காலை விடு பிள்ளை, நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்!"

விட்டார்களா? தொங்கு ரயில் நிலையம்வரை பின்னாலேயே போனார்கள்.

என் கண்மணிகளே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வூர்ஸ்ட் வாங்கும்போது உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று வாய் திறந்து கேளுங்கள். சுவாமியை வாங்கும்போதும் அதையே கேளுங்கள்.