செத்தவன் பேசக் கூடாது

ஜெயித்தால் கொழுந்தியாள் மேவிஸ் வரமாட்டாள். தோற்றால் வருவாள், கிளியோடும் தையல் மெஷினோடும்.

ஓஹியோவில் இருட்டில் ஏர்சாஃப்ட் என்னும் பொம்மைத் துப்பாக்கிச் சண்டை ஆடும் கூட்டமொன்றுக்குத் தலைவனான வெண்டல், பெண்டாட்டி கொரினோடு போட்ட பந்தயம் அது. யார் அணி ஜெயிக்கிறதோ அவர் சொன்னபடி வீட்டுப் பின்னறை. இப்போது அங்கே குடியிருப்பவை வெண்டலின் துப்பாக்கிகள். பிளாஸ்டிக் குண்டு சுடுபவைதான். ஆனாலும் அவனுக்குப் பெற்ற பிள்ளைகள்.

அவன் நம்பிக்கையெல்லாம் துப்பாக்கியில் மாட்டியிருந்த புது விளக்கின் மேல். தொண்டை வறளப் பேரம் பேசி வாங்கியது. போட்டால் எதிராளிக்குக் கண் அவிந்துவிடும்.

இடம், பாழடைந்த நெசவாலை. நவம்பர் மாதம், ஆறு மணிக்கே மை இருட்டு. வெண்டல் விளக்கைப் போட்டான். முக்காடு போட்ட பெண்களைப்போல் தறிகள் வரிசையாகக் குந்தியிருந்தன. அவற்றின் நிழல்கள் மட்டும் எழுந்து சுவரோரமாக நடந்தன. அவன் நின்றான். நிழல்களும் நின்றன.

ஒன்று மட்டும் நிற்கவில்லை.

சட்டென்று மினுக்கிப் பார், உடனே அணை, இடம் மாறு. புதிதாக வருகிறவர்களுக்கு அவனே நடத்தும் பாடம். இப்போதோ பயத்தில் அவன் விரலே பொத்தானை விடவே மாட்டேன் என்றது.

டப்! நெஞ்சில் ஒரு குண்டு.

"பட்டுடுச்சு!" என்று கத்தினான். பட்டதை ஒப்புக்கொள்ளாதவனுக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை. விளக்கை அணைத்து, செத்ததற்கு அடையாளமாகத் தோளில் சிவப்பு விளக்கை மினுக்கவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தான்.

போகட்டும். மாடியில் அவன் ஆட்கள் நாலு பேர் உயிரோடு இருக்கிறார்கள். எதிரணியில் மிச்சம் கொரின் ஒருத்திதான். அவன் வாயை மூடிக்கொண்டு வெளியேறினால் போதும். செத்தவன் பேசக் கூடாது; பேசினால் அவன் அணியே தோற்றதாகிவிடும். அவனே சண்டை போட்டுக் கொண்டுவந்த விதி.

கூடவே ஒரு காலடி நடந்தது. ஆள் தெரியவில்லை. கொரினின் குரல் மட்டும் காதோரம் வந்தது.

"வலிக்குதா, தங்கம்?"

அவன் நடையை எட்டிப் போட்டான்.

"மேவிஸ் சனிக்கிழமை வர்றா. உனக்குச் சம்மதம்தானே?"

பல்லைக் கடித்தான்.

"அந்தக் கிளி இருக்கே, ராத்திரியெல்லாம் பேசும். அப்படியே உங்கம்மா குரல்!"

நாக்கையும் சேர்த்துக் கடித்தான். வாசலோரம், முன்னமே செத்தவர்களின் சிவப்புப் புள்ளிகள் மினுங்கிக்கொண்டு நின்றன. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. இன்னும் நாலே எட்டு வைத்தால் வெளியே.

"அப்புறம் உன் புது லைட்டு. கடைக்காரன்கிட்ட விசாரிச்சேன். நீ உள்ளே நுழையறதைப் பார்த்ததுமே விலையை ஏத்தி வச்சானாம். 'பாவம், கொஞ்ச நேரம் பேரம் பேசவிட்டு இறக்கிக் கொடுத்தா சந்தோஷமாப் போயிடுவாரு'ன்னான்."

"பொய்யி! அவன் கண்ணுல தண்ணி வந்துச்சுடி! நான் பார்த்தேன்!"

பார்த்தேன்... பார்த்தேன்... என்றது ஆலை முழுக்க.

நடுவரின் விசில் இருட்டைக் கிழித்தது. "யாருப்பா பேசினது?"

சிவப்புப் புள்ளிகள் வாய் திறக்கவில்லை.

"நான் உயிரோட இருக்கேன். நான் பேசலாம்," என்றாள் கொரின்.

மாடியில் நாலு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நாலும் மெல்லத் திரும்பி வெண்டலின் முகத்தில் வந்து நின்றன.

அறை போனது போகட்டும். அவனுக்கு நெஞ்சை அரித்தது வேறு.

"கொரின்... அந்தக் கடைக்காரன் நிஜமாவே அப்படிச் சொன்னானா?"

"எந்தக் கடைக்காரன்?" என்றாள் அவள்.